பல தொழில் செய்பவர்கள் சேர்ந்து பறவை நோக்குவது எப்படி: செட்டிநாட்டுக்கான ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கங்களில் பறவை நோக்கும் குழு ஒன்றைத் தொடங்க விரும்புபவர்கள் முதலில் யோசிப்பது, எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் எது என்பதைத்தான். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி என்று முடிவாகிறது. முதல் கூட்டத்துக்கு வங்கி ஊழியரும் ஆசிரியரும் மட்டுமல்லாமல், பேருந்து நடத்துநர், செவிலியர், சமையல் மாஸ்டர், ஆடு மேய்ப்பவர் என்று பலரும் வருகிறார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் ஞாயிறு விடுமுறை உள்ளவர்கள் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அவர்களுடைய பிழைப்பின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் குழுவை அமைத்ததால் வந்த விளைவு அது என்பதே என் கருத்து.

தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் செய்வதே பொழுதுபோக்கு என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். பறவை நோக்குதலைப் பொறுத்தவரை இந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டால் குழுவுக்குப் பெரும் பயன் உண்டு. ஒருவருடைய தொழில் அவரை எந்த இடத்தில், எந்த வேளையில், எத்தனை காலம் தொடர்ந்து நிறுத்திவைக்கிறதோ, அந்த இடமும் வேளையுமே அவருடைய நோக்குமிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலை கண்மாய்க் கரையில் பதினைந்து பேர் கூடி ஒரே கொக்கைப் பார்ப்பதைவிட, பதினைந்து பேரும் தத்தம் இடத்தில், தத்தம் வேளையில் கண்டதைச் சேர்த்துவைத்தால் அந்த வட்டாரத்தின் பறவை வாழ்க்கை முழுமையாகத் தெரியவரும். அத்தகைய குழுவை அமைத்து நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இந்தியப் பறவையியலின் வரலாறே இதற்குத் துணைநிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்டன், சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். படை சென்ற ஊர்களெல்லாம் அவருக்கு நோக்குமிடங்களாயின. 1885இல் காங்கிரஸ் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம், ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்துகொண்டே பல்லாயிரம் பறவை மாதிரிகளைத் திரட்டினார். சலீம் அலி (1896–1987) இளம் வயதில் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குப் போனது தம் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்துக்கொள்வதற்காக. அங்கிருந்த காடுகள் அவருடைய பறவை ஆர்வத்தை வளர்த்தன. நகரத்தார் கொண்டுவிற்கப் போன அதே பர்மா, நம் வீட்டுத் தூண்களுக்குத் தேக்கு வந்த அதே பர்மா. தமிழில் இயற்கை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர் எனப் பல பணிகளைச் செய்தவர். சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வேலையை உதறிவிட்டுத்தான் பறவை பார்க்க வேண்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. வேலை கொண்டுபோய் விட்ட இடத்தில் கண்ணைத் திறந்துவைத்திருந்தார்கள்.

தொழில் ஏட்டைத் தயார்செய்தல்

குழுவில் சேருபவரிடம் எத்தனை பறவைகளின் பெயர் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, புத்தகம் படித்தவரை முன்னே உட்காரவைத்துக் கண்ணால் கண்டவரைப் பின்னே தள்ளிவிடும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில், ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலையின் பொருட்டு அவர் வழக்கமாக நிற்கும் இடமோ போய்வரும் பாதையோ எது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை அங்கே இருக்கிறார். எந்தத் தமிழ் மாதங்களில் வேலை நெருக்கும், எந்த மாதங்களில் ஓயும். வேலை நடக்கும்போது கண்ணும் காதும் ஓய்வாக இருக்குமா, கை மட்டும் ஓய்வாக இருக்குமா. கடைசிக் கேள்வி முக்கியமானது. தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்குக் கண் ஓயாது. ஆனால், தறி நிற்கும் வேளைகளில் கொல்லைப்புறக் குரல்கள் அனைத்தும் அவர் காதில் விழும். வீட்டுக் காவலருக்கு இரவு முழுவதும் காது மட்டுமே வேலை செய்யும்.

தமிழ் மாதங்களில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்தில் வேலையும் மழையும் பறவையும் தமிழ் மாதக் கணக்கிலேயே நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்களையும் ஊருணிகளையும் நிரப்பும். மார்கழி, தையில் நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும். பங்குனியில் வலசை வந்தவை வடக்கே திரும்பத் தொடங்கும். இதனுடன் தொழில் நாள்காட்டியை ஒட்டிவைத்துப் பார்த்தால் சில நல்ல பொருத்தங்கள் கிடைக்கின்றன. கல்யாணச் சமையல் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் அவர் நள்ளிரவுக்கு மேல் அடுப்பு மூட்டி, பந்தி முடிந்து, பாத்திரம் ஏற்றி வீடு திரும்பும்போது மாலையாகிவிடும். அவரை எங்கும் கூப்பிட முடியாது. மார்கழியில் கல்யாணம் இல்லை. வலசைப் பறவைகள் மிகுதியாக இருக்கும் அந்த மாதத்தில் அவர் ஓய்வாக இருக்கிறார், அதுவும் விடியலுக்கு முன்பே விழித்துப் பழகிய உடம்போடு. ஆகவே மார்கழி மாதத்துக் கண்மாய்க் கணக்கெடுப்பைச் சமையல் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிடலாம். ஆடியிலும் அப்படியே; கண்மாய் வற்றி, மிச்சமிருக்கும் குட்டையில் கொக்குகள் கூடும் காலம் அது.

சம்பளம், சொத்து, சாதி ஆகியவற்றை ஏட்டில் எழுதக் கூடாது, பேச்சிலும் கேட்கக் கூடாது. இதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம்; தேவை என்றே நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு தொழிலிலிருந்தும் கேட்டுப் பெற வேண்டியது

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகளை விடச் சிறந்த தரைப்பறவை நோக்குநர்களை நான் அறியேன். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, மந்தையுடன் மாதக்கணக்கில் ஊர் ஊராக நகர்பவர்கள் அவர்கள். ஆள்காட்டி, கண்கிலேடி, பக்கி, கௌதாரி ஆகிய பறவைகள் வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. நகரத்திலிருந்து வரும் நாம் அந்த முட்டையை மிதித்த பிறகே அறிவோம். கீதாரிக்கு அது முன்கூட்டியே தெரியும். சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் கூடு என்பது தரையில் சற்றே பள்ளமான ஓர் இடம், சுற்றிலும் சிறு கற்கள், நடுவில் கரும்புள்ளியிட்ட, மண்நிற முட்டைகள் பெரும்பாலும் நான்கு; அவ்வளவுதான். மந்தை நெருங்கும்போது மனிதனைக் கண்டதுபோல் பறவை எழுந்து கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றுவதில்லை. முட்டைக்கு முன்னால் நின்று, இரு இறக்கைகளையும் விரித்து, ஆட்டின் முகத்துக்கு நேரே கத்துகிறது. முன்னால் வரும் ஆடு ஒதுங்குகிறது, பின்னால் வரும் மந்தை அதைப் பின்பற்றி இரண்டாகப் பிரிந்து போகிறது. கீதாரி அந்தப் பிரிவைப் பார்த்தே கூடு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடைகாக்க ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கும் என்பதால், அதே பாதையில் அவர் திரும்பும்போது முட்டை பொரிந்ததா என்பதையும் அவராலேயே சொல்ல முடியும். இவரிடம் வாட்ஸ்அப் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடுகிறோம். கிடை எந்த ஊரில் போட்டிருக்கிறது என்று விசாரித்து, மாதம் ஒருமுறை நேரில் போய், அவர் சொல்வதைக் குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டு வர வேண்டும். போகும்போது அவருடைய வேலைக்கு இடையூறாக நிற்காமல் கூடவே நடந்து கேட்பது முறை.

பேருந்து நடத்துநரும் ஓட்டுநரும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஆண்டுக்கணக்கில் போய்வருகிறார்கள். அறிவியலாளர்கள் ஒரு கோட்டை வரைந்து அதன் வழியே திரும்பத் திரும்ப நடந்து கணக்கெடுப்பார்கள். நடத்துநருக்கு அந்தக் கோடு வேலையாகவே அமைந்திருக்கிறது. ஆனால், பணியில் இருக்கும்போது அவரை எண்ணச் சொல்லக் கூடாது. பயணச்சீட்டும் சில்லறையும் பயணிகளும் அவர் பொறுப்பு. அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு பறவை, இரண்டு நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு துண்டுச் சாலை. மின்கம்பியில் உட்காரும் பனங்காடை இதற்கு மிகவும் ஏற்றது. உருவம் பெரியது, கம்பியிலிருந்து இறங்கிப் பறக்கும்போது இறக்கையில் அடர்நீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகத் தெரியும், ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் தவறாது. பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் இடைவெளியில் ‘இன்று மூன்று’ என்று குறித்துக்கொண்டால் போதும். இரவு வண்டி ஓட்டுபவருக்குப் பக்கியை ஒதுக்குங்கள். பகலின் வெப்பம் தங்கியிருக்கும் தார்ச்சாலையில் அமர்ந்திருக்கும் பக்கியின் கண்கள், முகப்பு விளக்கு பட்டதும் தணல்போல் சிவந்து தெரியும். அதை நம்மில் பலர் ஒருமுறைகூடக் கண்டதில்லை, அவர்களோ வாரந்தோறும் காண்கிறார்கள்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்பவர்களின் கண் வேறு வகையில் பயன்படும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பூ கண்ணாடியைப் பார்த்தபடி, அதாவது கீழ்முகமாக உருவாகிறது. கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கும்வரை தெரியாத கோலத்தை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்பவர் அவர். எங்கே எந்த நிறம், எந்த நிறத்துக்கு அடுத்து எது என்று ஒரு கணம் பார்த்ததை அவர் மறப்பதில்லை. புதியவர்கள் ஒரு பறவையைப் பார்த்ததும் ‘பழுப்பாக, சின்னதாக இருந்தது’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். பூக்கல் செய்பவரோ தலை, பிடரி, முதுகு, வால், வயிறு என்று கட்டம் கட்டமாகச் சொல்வார். ஆகவே, நிறத்தை விவரிக்கும் பயிற்சியைக் குழுவில் அவரை விட்டே நடத்தச் சொல்லுங்கள். பறவை பறந்த பிறகு எல்லாரும் ஒரு தாளில் வெறும் உருவம் வரைந்து, கண்ட நிறங்களை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஒளிப்படக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். படம் எடுப்பதில் கவனம் போனால் பார்ப்பது குறைந்துவிடுகிறது.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் கொத்தனார்களிடம் கேட்டுப் பெறுவதைவிட அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் நம் வீடுகளில், தூண் போதிகையின் இடுக்கிலும் நடுமுற்றமான வளவைச் சுற்றிய ஓட்டுச் சரிவின் கீழும் சிட்டுக்குருவி கூடு வைத்திருக்கும். மச்சு அறையில் கூகை இருக்கலாம். சுவரில் சாரம் கட்டுவதற்கு முன் அந்தச் சுவரை ஒரு காலைப்பொழுது நின்று கவனித்தால், குருவி வாயில் புழுவுடன் எந்த இடுக்கில் நுழைகிறது என்பது தெரிந்துவிடும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை சிட்டுக்குருவிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கூகைக்கு மூன்று மாதம். குருவியாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பூச்சு வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம், வேறு சுவர்கள் எப்போதும் உண்டு. வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது குழுவின் பொறுப்பு, கொத்தனார் தலையில் கட்டக் கூடாது. அவர் தினக்கூலிக்கு நிற்பவர். வேலை நின்றால் கூலி நிற்கும்.

மின்வாரிய லைன்மேன் நிலையும் இத்தகையதே. கோடையில் மின்கம்பத்தில் காகம் கட்டிய கூட்டை அகற்றுவது அவர் கடமை. அகற்றாவிட்டால் மின்தடை வரும், பறவையும் சாகலாம். அவருடன் வாதாடாதீர்கள். எந்த வாரத்தில் காகம் சுள்ளி கொண்டுவரத் தொடங்கியது, கம்பிகளால் கட்டிய கூடுகள் எத்தனை, எந்தக் கூட்டில் குயில் முட்டையும் இருந்தது என்பவற்றை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருப்பவரைக் குழுவில் சேர்ப்பதா என்று பலர் தயங்குகிறார்கள். சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நீர்க்காகக் கூட்டம் வந்திறங்கும் நாளை அவரைப்போல் துல்லியமாகக் குறித்துவைப்பவர் இல்லை, ஏனென்றால் அது அவருடைய பணம். அவருக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. ஆனால், எல்லா நீர்ப்பறவையும் மீன் தின்பதில்லை என்பதை அவர் கண்முன்னே காட்டலாம். நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. நாமக்கோழி நீர்ச்செடிகளை மேய்கிறது. உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியில் வெட்டுக்கிளி பிடிக்கிறது. குத்தகைதாரர் இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டால் வெடி போட்டு எல்லாவற்றையும் விரட்டுவதைக் குறைத்துக்கொள்வார். ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் அவருடைய தேதிக் குறிப்பு நமக்கு மிஞ்சும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவுப் பணி செய்யும் செவிலியர் கண்கிலேடியின் குரலையும் ஆந்தைகளின் குரலையும் கேட்டுக் குறிக்கலாம். கோயில் குருக்கள் நடை திறக்கும்போதும் சாத்தும்போதும் கோபுரத்து உழவாரன்களையும் கிளிகளையும் எண்ணலாம். உழவர், உழவு நாளன்று டிராக்டருக்குப் பின்னால் வருபவற்றைச் சொல்லலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற பெரிய வளாகங்களில் பணிபுரிபவர்கள் நடைப்பயிற்சி நேரத்தையே கணக்கெடுப்பு நேரமாக்கிக்கொள்ளலாம். புரட்டாசிக்குப் பிறகு மாலை மங்கும் வேளையில் தோட்டத்தில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கிறதா என்று கவனிக்கும் வேலையை, பெரிய கொல்லை உள்ள வீட்டு ஆச்சிமார்களிடம் விடுங்கள். அந்தக் குரலை ஒருமுறை அடையாளம் காட்டினால் போதும், பிறகு அவர்களே தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள்.

கூடும்போது பேசும் முறை

மாதம் ஒருமுறையாவது நேரில் கூட வேண்டும். அந்த நாள் ஒரே கிழமையாக இல்லாமல் சுழன்று வர வேண்டும். ஒரு மாதம் ஞாயிறு காலை, அடுத்த மாதம் செவ்வாய் மாலை, இன்னொரு மாதம் இரவு உணவுக்குப் பின். எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர இயலாது. ஆண்டில் நான்கு முறையாவது ஒவ்வொருவருக்கும் வசதியான வேளை அமைந்தால் போதும்.

அழைக்கும் முறையில் கவனம் வேண்டும். வங்கி மேலாளரை ‘சார்’ என்றும் கொத்தனாரைப் பெயர் சொல்லியும் அழைக்கும் குழு நீடிப்பதில்லை. வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் ‘அண்ணே’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘ஆச்சி’. இளையவர் ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று முதல் நாளே வழக்கப்படுத்திவிட்டால், பிறகு கீதாரி பேசும்போது பேராசிரியர் குறுக்கிடமாட்டார். ‘பேராசிரியர் தம்பி, அந்த வால் எப்படி இருந்தது, நீங்கள் பார்த்தீர்களா?’ என்று எழுபது வயது ஆச்சி கேட்கும் நிலை வர வேண்டும். கூட்டத்தில் முதலில் பேசுபவர், அந்த மாதம் வெளியில் அதிக நேரம் நின்றவராக இருக்கட்டும். பறவையின் பெயரைச் சொல்பவர் தம் ஊர்வழக்கிலேயே சொல்லட்டும். எழுதுபவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் பொதுப்பெயரையும் குறிக்கட்டும். திருத்துவதாக எண்ணி நடுவில் பேச்சை நிறுத்தக் கூடாது.

கருவிகளுக்காகப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். ஆளுக்கு ஒன்று வாங்குவதைவிடக் குழுவுக்குப் பொதுவாக இரண்டு இருகண்ணோக்கிகள் வாங்கி, ஏட்டில் கையெழுத்திட்டு எடுத்துப்போகும் முறை நல்லது. 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்டது எல்லாருக்கும் ஏற்றது. மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். வரிசையில் முதல் உரிமை, மந்தையுடனோ வயலிலோ இருப்பவருக்கு.

பதிவுசெய்தல்

கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில் பதிவது நல்ல பழக்கம், கைப்பேசியிலேயே செய்யலாம். ஓர் இடத்தில் நின்றோ நடந்தோ குறைந்தது 15 நிமிடம் பறவைகளை மட்டுமே கவனித்து, கண்டும் கேட்டும் அடையாளம் தெரிந்த அனைத்தையும் எண்ணிக்கையுடன் எழுதினால் அது முழுமையான பட்டியல். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. பட்டியலில் வழக்கமாக விடுபடுபவை இவையே. வேலைக்கு நடுவில் தற்செயலாகக் கண்டது முழுமையான பட்டியல் ஆகாது. அதைத் தற்செயல் பதிவு என்ற வகையிலேயே இட வேண்டும். நடத்துநரின் பனங்காடையும் ஓட்டுநரின் பக்கியும் இந்த வகையில் சேரும். இந்த வேறுபாட்டைக் கலந்துவிட்டால், ஒரு சாலையில் பனங்காடை தவிர வேறு பறவையே இல்லை என்று பிற்காலத்தில் ஒருவர் தவறாகக் கணக்கிட நேரும்.

கைப்பேசி இல்லாதவர்களின் பதிவுகளைக் குழுவின் எழுத்தர் உள்ளிட வேண்டும். கண்டவர் யார் என்பதை, அவர் சம்மதித்தால், குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். கீதாரி கண்டதை ஆசிரியர் தம் பெயரில் பதிந்து பாராட்டு வாங்குவது முறையன்று. இரண்டு பொதுநிகழ்வுகளில் எல்லாரும் ஒரே காலத்தில் கலந்துகொள்ள முயலுங்கள்: பொங்கலை ஒட்டி நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி மாதத்தில் உலகெங்கும் நான்கு நாள் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை செய்பவர்கள் உட்பட, முதல் நிகழ்வில் சேர வாய்ப்புண்டு. அவர்கள் அங்கே குடியிருப்பின் மரத்தில் கேட்ட குயிலும் இங்கே கேட்பதும் ஒரே பறவைதான் என்பதை அறியும்போது, திரும்பிப் போன பிறகும் பட்டியல் அனுப்பத் தொடங்குகிறார்கள்.

வெளியே சொல்லக் கூடாதவை

எல்லாருடைய செய்தியும் ஓரிடத்தில் சேரும்போது ஓர் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. எந்த ஊரில், எந்தப் பூட்டிய வீட்டில் கூகை இருக்கிறது என்பது வீட்டுக் காவலர் நம்மை நம்பிச் சொன்ன செய்தி. ஆந்தையைப் பிடித்து மாந்திரீகத்துக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆந்தை இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று துரத்துபவர்களும் இருக்கிறார்கள். பூட்டிய வீடு எது என்று அறிந்துகொள்ள விரும்பும் திருடர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆந்தையின் இருப்பிடம், தரையில் உள்ள முட்டை, பறவைக் கூடு ஆகியவை ஊர்ப்பெயருடன் வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது. கூட்டின் படத்தை எடுப்பதையே தவிர்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையைப் பிடிப்பதும் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதும் குற்றம் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அதேபோல, ஒருவர் தம் பணியிடத்தில் கண்டதைச் சொல்வதால் அவருடைய வேலைக்குச் சிக்கல் வருமா என்று கேட்டு அறிந்த பிறகே பதிய வேண்டும். மின்வாரியத்திலோ, போக்குவரத்துக் கழகத்திலோ, ஆராய்ச்சி நிலையத்திலோ படம் எடுப்பதற்கு விதிகள் இருக்கலாம். ஒரு பறவைப் படத்துக்காக யாருடைய பிழைப்பும் பாதிக்கப்படக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து போக வேண்டிய இடம்

திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. 1977இல் அறிவிக்கப்பட்ட இது, வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களைக் கொண்டது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியவை கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. உழவும் ஆடுமாடுமாக வாழும் ஓர் ஊர், ஒரு சங்கமும் வைக்காமல், தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறது. அங்கே போகும்போது நம் குழுவில் இருக்கும் உழவரையும் கீதாரியையும் முன்னால் விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நாம் கேட்டால் கிடைக்காத செய்திகள் அவர்களுக்குக் கிடைக்கும்.

இந்தப் பயணத்துக்குத் தை மாதத்தின் முதல் பாதி ஏற்றது. ஆனால், தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதால் சமையல் மாஸ்டரிடம் முன்னதாகவே கேட்டு, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். அறுவடை நாளையும் தவிருங்கள். அன்று ஒரு நாள் வேலையை விட்டு வருவதால் தினக்கூலிக்காரர்களுக்கு ஏற்படும் இழப்பைக் குழுவின் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். மாதச் சம்பளக்காரர்கள் சந்தாவாகச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் இது எளிதில் முடியும். வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வது நியாயம் போலத் தோன்றும். ஒரு நாள் கூலியையும் இழந்து, சமபங்கும் கொடுப்பவருக்கு அது இரட்டைச் செலவு என்பதை நினைவில் கொண்டு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பயணம் முடிந்த மறுவாரம் தொழில் ஏட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஓராண்டில் பலருடைய வேலை மாறியிருக்கும். நடத்துநருக்கு வழித்தடம் மாறியிருக்கும், செவிலியருக்குப் பகல்பணி வந்திருக்கும், பூக்கல் பட்டறையிலிருந்த தம்பி வெளிநாடு போயிருப்பார். பழைய பக்கத்தை அடித்துவிடாமல் தேதி போட்டு மூடிவிட்டு, அடுத்த பக்கத்தில் புதிய இடத்தையும் புதிய வேளையையும் எழுதுங்கள். அவர் விட்டுப்போன சாலையிலோ பட்டறையிலோ இப்போது வேலைக்கு வந்திருப்பவர் யார் என்று அவரிடமே கேட்டு, அந்தப் புதியவரைப் போய்ப் பார்த்து, பழைய கணக்கைக் காட்டி, தொடர்ந்து குறிக்க முடியுமா என்று கேளுங்கள்.